சுறாவிடம் தப்பினேன், கிளாத்தியிடம் மாட்டினேன்

கடலுக்குள் முக்குளித்தபோது எந்த உயிரினத்திடம் மாட்டினீர்கள் என்று கேட்டால், எல்லாரும் சுறாவைப் பார்த்த கதையாகவே சொல்கிறீர்கள். நானும் பார்த்திருக்கிறேன், அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத் துரத்தியது ஒரு கிளாத்தி மீன்.

10 மீட்டர் ஆழம் இருக்கும். பவளப்பாறைக்கு நடுவே மணலில் வட்டமாக ஒரு குழி. முக்கால் மீட்டர் நீள மீன் ஒன்று அதன் மேல் தலைகீழாக நின்று தண்ணீரை ஊதிக்கொண்டிருந்தது. டைவர்கள் டைட்டன் டிரிகர் என்பார்களே, அந்தப் பெரிய கிளாத்தி. கேமராவோடு கிட்டப் போனேன். முதுகு முள்ளை விறைப்பாக நிமிர்த்தியது. பக்கவாட்டில் சாய்ந்து ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தது. போஸ் கொடுக்கிறது என்று நினைத்து இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதற்குள் பாய்ந்துவிட்டது.

பயத்தில் மேலே ஏறினேன். அங்கேதான் தப்பு. முட்டையைக் காக்கும் கிளாத்தியின் எல்லை புனல் மாதிரி, குழியில் குறுகித் தொடங்கி மேலே போகப் போக அகலும். ஏற ஏற நான் அதன் வீட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறேன். (அவசரமாக மேலேறினால் நுரையீரலுக்கு ஆபத்து என்பது வேறு.) சிப்பியையும் கடல் முள்ளெலியையும் நொறுக்குகிற பல் அது. என் கால் துடுப்பின் நுனியில் அரைவட்டமாக ஒரு துண்டு போயிற்று. கூட வந்தவர் என் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போன பிறகுதான் விட்டது.

* * *

கிளாத்தி கதை சொன்னவரே, நீங்கள் எச்சரிக்கையைப் போஸ் என்று நினைத்தீர்கள், நான் மூச்சை மிரட்டல் என்று நினைத்தேன். பாறை இடுக்கில் ஓர் அஞ்சாலை, பாம்பு மாதிரி நீண்ட மீன், வாயைத் திறந்து திறந்து மூடியது. கடிக்கத்தான் வருகிறது என்று பின்வாங்கி, பாறையில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதுதான் மிச்சம். செவுளுக்குத் தண்ணீர் போக அது அப்படித்தான் வாயை அசைத்துக்கொண்டே இருக்குமாம். ஒரு குட்டி இறால் அதன் பல்லிடுக்கில் புகுந்து சுத்தம் செய்வதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

அஞ்சாலை 2 மீட்டர் நீளம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சரி, ஒன்றரை மீட்டர். உங்கள் கிளாத்தியிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

* * *

நான் ஆழத்துக்கெல்லாம் போகிறவள் அல்ல, மூச்சுக்குழாயோடு மேலேயே மிதப்பதோடு சரி. கீழே ஒரு பேராமை கடல்புல் மேய்ந்துகொண்டிருந்தது. அசையாமல் கிடந்தேன். திடீரென்று எழும்பி, கை எட்டும் தூரத்தில் தலையை நீட்டி, புஸ்ஸென்று ஒரு மூச்சு. மறுபடி மேய்ச்சலுக்கு இறங்கிவிட்டது. நான் ஒருத்தி இருப்பதை அது கண்டுகொள்ளவே இல்லை. ஆமை மேலே வரும்போது மட்டும் குறுக்கே போய்விடாதீர்கள், அது மூச்சுக்காக வருகிறது.

* * *

என் கிளாத்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள். துடுப்பில் போன துண்டைக் கரைக்கு வந்துதான் அளந்தேன்.