வளைவில் பள்ளம் வந்தால் பின்பக்கம் ஏன் வழுக்குகிறது?

கேள்வி: என்னுடையது பழைய ஹேட்ச்பேக், முன்சக்கர டிரைவ். நேர்ச்சாலையில் ஒரு குறையும் இல்லை. வளைவில் திரும்பும்போது மேடு பள்ளம் வந்தால் மட்டும் பின்பக்கம் சட்டென்று வெளியே துள்ளி நகர்கிறது. டயர் புதுசு. எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: முதலில் பின் ஷாக் அப்சார்பர், அதாவது சக்கரம் துள்ளாமல் அடக்கும் பாகம். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் எடையில் 60 சதவீதம் அளவுக்கு முன்சக்கரங்கள் மேல்தான், பின்சீட் காலி என்றால் பின்பக்கம் இன்னும் லேசு, ஷாக் தளர்ந்திருந்தால் மேட்டில் ஏறிய சக்கரம் தரையை விட்டுக் குதிக்கும், தரையைத் தொடாத டயருக்கு ஏது பிடிப்பு? எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள்.

பதில் 2: சரி, ஆனால் இது ஓரளவு டிசைனும்தான். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் பின்னால் டார்ஷன் பீம் என்ற குறுக்குச் சட்டம், இரண்டு சக்கரங்களையும் ஒரே பீம் இணைப்பதால் ஒரு பக்கம் வாங்கும் அடி மறுபக்கத்தையும் அசைக்கும். பீமை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பதில் 3: புது டயர் நான்குமா, முன்னால் இரண்டு மட்டுமா? இரண்டுதான் என்றால் பின்னால் மாற்றிப் போடுங்கள். காற்றழுத்தம் அதிகம் இருந்தாலும் துள்ளும். அப்புறம், வளைவு நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை சட்டென்று விடாதீர்கள், எடை முன்னால் போய்ப் பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும்.

கேட்டவர்: முன்னால் இரண்டுதான்! இடது ஷாக்கில் கசிவும் தெரிகிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

பதில் 1: வேண்டாம், ஜோடியாகவே மாற்றுங்கள்.