கலைச்சொல் விவாதம்: ‘ஷார்ட்டனிங்’குக்குக் ‘குறுக்கி’ வேண்டாம், ‘பிசறுநெய்’ வைப்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பை, டார்ட் வகைகளுக்கான (பூரணம் வைத்து ஓவனில் சுடும் மாவுப் பண்டங்கள்) தமிழ்ச் சொற்பட்டியல் இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே வந்தேன். நேற்று மாலை இங்கே காரைக்குடி வீட்டில் ஒரு பை சுடுவதற்காக மாவில் எண்ணெய் விட்டுப் பிசறிக்கொண்டிருந்தபோதுதான், ‘ஷார்ட்டனிங்’குக்கு, அதாவது பண்டம் உதிர்வதற்காக மாவில் சேர்க்கும் கொழுப்புக்கு, நாம் தேடும் சொல் என் கையிலேயே இருப்பது தெரிந்தது. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும்.

> ஷார்ட்டனிங் = குறுக்கி. மாவின் இழைகளைக் குறுக்குவதால் இப்பெயர்.

இழையில் ஒருவர் எழுதிய இதை ஏற்க முடியவில்லை. மாவுப் பண்டத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தின் ‘ஷார்ட்’டுக்கு நீளத்தைவிட, எளிதில் உதிர்வது, பொடிவது என்ற பழைய பொருளே முக்கியம். அந்தப் பொருளை விட்டுவிட்டு அளவை மட்டும் மொழிபெயர்த்தால் என்ன கிடைக்கும்? தமிழ் அடுப்படியில் ‘குறுக்கி’ என்றால் பாலைக் குறுக்கிப் பால்கோவா கிளறுவதுதான் நினைவுக்கு வரும். மாவில் கொழுப்புச் சேர்க்கும் வேலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கொழுப்பு மாவில் செய்யும் வேலையைப் பார்ப்போம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இழுபடும் வலையாகின்றன. அதுதான் குளூட்டன். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், பைக்கு ஆகாது. தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே மாவில் கொழுப்பைத் தேய்த்துவிட்டால், அது மாவுத்துகள்மேல் படிந்து நீரை ஓரளவு தடுக்கும். வலை முழுதாகப் பின்னாது. வெந்தபின் பண்டம் வாயில் பொலபொலவென்று உதிரும்.

இந்த வேலையை எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கல்யாணப் பலகாரத்துக்கு மாவு இடித்துச் சலித்த காலத்திலிருந்து நடப்பது. தேன்குழலுக்கு வெண்ணெய், சீப்புச் சீடைக்குத் தேங்காய்ப்பால், சோமாசிக்குக் காய்ச்சின நெய். மாவில் விட்டு, விரல் நுனியால் பிசற வேண்டும். என் அப்பத்தா இரண்டாங்கட்டில் உட்கார்ந்து மாவைக் கைப்பிடியில் அழுத்திப் பார்ப்பார். “பிடிச்சாப் பிடிபடணும், உதிர்த்தா உதிரணும், அதுதான் பதம்” என்பார். கொழுப்புக் குறைந்தால் தேன்குழல் கடக்கென்று பல்லில் நிற்கும். கூடினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரையும். பை மாவுக்கும் இதே சோதனைதான். அரிசி மாவில் குளூட்டன் கிடையாது என்பதால் தேன்குழலையும் பையையும் முழுக்க ஒன்றாக்க மாட்டேன். ஆனால் மைதாவில் செய்யும் சோமாசி பைக்கு நேர் உறவு. கொழுப்புப் பிசறிய மேல்மாவு, உள்ளே பூரணம். எண்ணெயில் பொரிக்கிறோம், ஓவனில் வைப்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே என் பரிந்துரை: பிசறுநெய்.

‘நெய் என்றால் பசுநெய்தானே?’ என்று கேட்பீர்கள். இன்றைய பேச்சில் அப்படித்தான். ஆனால் எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆயிற்று. நெய் என்பது கொழுப்புக்கெல்லாம் பொதுவான பெயராக இருந்த சொல். வெண்ணெயிலும் அது இருக்கிறது. வெண்ணெய், நெய், கடலை எண்ணெய், வனஸ்பதி எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்க வேறு நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. ‘பிசறுகொழுப்பு’ என்றும் எழுதிப் பார்த்தேன். சரியான சொல்தான், ஆனால் சமையல் குறிப்பில் யாரும் எழுத மாட்டார்கள்.

எந்தக் கொழுப்பு என்று சொல்லாமல் அதன் வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் சர்க்கரை நோயாளியும் இதய நோயாளியும் இருக்கிறார்கள். கடைகளில் ஷார்ட்டனிங் என்று கேட்டால் கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பைத்தான் எடுத்துத் தருகிறார்கள். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பை 2021இல் 3 விழுக்காடாகவும், 2022 முதல் 2 விழுக்காடாகவும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்படுத்தியிருப்பது நல்ல செய்தி. ஆனாலும் நிறைவுற்ற கொழுப்பு அதில் நிறையவே இருக்கும். குறிப்பில் ‘பிசறுநெய் 40 கிராம்’ என்று இருந்தால், படிக்கிறவர் எந்த நெய் என்று தானே யோசிப்பார், தன் வீட்டுக்குத் தக்கதை எடுப்பார்.

நேற்று நான் எடுத்த அளவு: கோதுமை மாவு 90 கிராம், மைதா 60 கிராம், கடலை எண்ணெய் 40 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, குளிர்ந்த தண்ணீர் 60 மில்லி வரை. வழக்கமான பைக்கு மாவு 3, கொழுப்பு 2, நீர் 1 என்று எடை பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் 150 கிராம் மாவுக்கு வெண்ணெய் மட்டும் 100 கிராம் போகும். அதில் நிறைவுற்ற கொழுப்பு 50 கிராம் அளவுக்கு வந்துவிடும். 40 கிராம் கடலை எண்ணெயில் அது 7, 8 கிராம்தான். முழுக்கோதுமைத் தவிடு தண்ணீரைக் குடிக்கும். அதனால் பிசைந்ததும் அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும். வைக்காமல் தேய்த்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். கீழே மாவே போடாமல், ஆழமான தட்டில் கோழிப் பூரணத்தை நிரப்பி மேலே மட்டும் மெல்லியதாக மூடினேன். அதனால் மாவும் பாதிதான் செலவு. 200 டிகிரியில் பொன்னிறமாக வந்தது. சோம்பும் மிளகும் போட்ட பூரணத்துக்கு இந்த மேல்மாவு நன்றாகவே பொருந்தியது. எண்ணெய்க்கு இன்னொரு வசதியும் உண்டு. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும். சித்திரை மாதத்து காரைக்குடியில் அதைக் கட்டியாக வைத்துப் பிசறுவது பெரும்பாடு.

ஆனால் எண்ணெயில் ஏடு, அதாவது தாள்தாளாகப் பிரியும் அடுக்கு, வராது. அதை மறைக்க விரும்பவில்லை. வெண்ணெயைப் பட்டாணி அளவுக் கட்டிகளாக விட்டுப் பிசறினால், அவை மாவுக்கு இடையே தகடாகி, ஓவனில் உருகி, வெண்ணெயிலும் மாவிலும் இருக்கும் ஈரம் ஆவியாகி ஏடுகளைப் பிரிக்கும். இதற்கு அரைப்பிசறல் என்றும், மணல் போல ஆகும்வரை தேய்ப்பதற்கு முழுப்பிசறல் என்றும் வைக்கலாம். முன்னது ஏடு தரும், பின்னது பொலபொலப்புத் தரும். பிரிந்து வரும் தன்மைக்கு ‘செதில்தன்மை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். செதில் மீனுக்கு இருக்கட்டும். பாலேடு நாம் தினமும் சொல்கிற சொல், ‘ஏடுவிடுதல்’ போதும்.

> கிரஸ்ட் = மேலோடு அல்லது புறணி

மேலோடு புவியியலில் வேரூன்றிவிட்டது. புறணி மூளைக்குப் போய்விட்டது, பேச்சிலோ அது கோள் சொல்வது. கொழுக்கட்டைக்கும் போளிக்கும் சுழியத்துக்கும் ‘மேல்மாவு’ என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறோமே, அதுவே போதும். அடியில் பரப்புவது ‘அடிமாவு’.

பூரணம் வைக்கும் முன் அடிமாவை மட்டும் சுடுவதை (ஆங்கிலத்தில் ‘பிளைண்ட் பேக்கிங்’) அப்படியே பெயர்த்துக் ‘குருட்டுச் சுடல்’ என்று எழுதியவரிடம் ஒரு வேண்டுகோள், அதைத் திரும்பப் பெறுங்கள். காகிதம் விரித்து, காய்ந்த மொச்சையைப் பாரமாகக் கொட்டிச் சுடுகிறோம். ‘வெறுங்கூடு சுடுதல்’ என்றால் செய்கிறவருக்குப் புரியும்.

பட்டியலில் ஏற்ற வரைவு:

பிசறுநெய் (பெ.): நீர் சேர்க்கும் முன் மாவில் தேய்த்துக் கலக்கும் எந்தக் கொழுப்பும், பண்டம் உதிரும் தன்மை பெறுவதற்காகச் சேர்ப்பது.

உங்கள் ஊரில் ‘பிசறு’வுக்கு வேறு வினை வழங்குகிறதா என்று மட்டும் எழுதுங்கள். நெல்லையிலோ யாழ்ப்பாணத்திலோ இந்த வேலைக்கு இதைவிடத் துல்லியமான சொல் இருந்தால் வரைவை மாற்ற நான் தயார்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து