ஆஸ்திரேலியா: தஞ்சம் கேட்டவரை எத்தனை நாள் அடைத்து வைக்கலாம்?

கடல்காகம்: திருடனுக்கு எத்தனை மாதம் என்று நீதிபதி சொல்லிவிடுவார். ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்டுப் படகில் வந்தவருக்கு நீதிபதியே கிடையாது. விசா இல்லையா, உள்ளே போ. 1992இல் இந்தச் சட்டம் வந்தபோது 273 நாள் என்று ஒரு வரம்பாவது இருந்தது. 1994இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நெய்தல்: ஆவணமே இல்லாமல் வருபவரை விசாரிக்காமல் ஊருக்குள் விட முடியுமா? 2001 அக்டோபரில் ஒரே படகு கவிழ்ந்து 353 பேர் செத்தார்கள். கெடுபிடி இல்லையென்றால் இன்னும் எத்தனை படகு வரும்?

கடல்காகம்: அந்தப் படகு கிளம்பியபோதும் இதே சட்டம்தானே இருந்தது? 2012, 2013இலும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அப்புறம் வரத்து குறைந்தது கடலிலேயே திருப்பி அனுப்பத் தொடங்கியதால். அதைச் சரி என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பெருமையைத் தடுப்பு முகாமுக்குக் கொடுக்காதீர்கள்.

ஓரத்தில்_ஒருவன்: விமானத்தில் விசாவோடு வந்திறங்கி, பிறகு தஞ்சம் கேட்பவர் பெரும்பாலும் வெளியிலேயே இருந்து முடிவுக்குக் காத்திருக்கலாம். டிக்கெட்டைப் பார்த்தா ஆபத்தை அளப்பது? நம் ஈழத்தவர் சிலர் அகதி என்று ஏற்கப்பட்ட பிறகும், உளவு அமைப்பான ஏசியோ ஒப்பாததால் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். காரணம் கேட்டால் அது ரகசியமாம்.

நெய்தல்: அது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2023 நவம்பரில் என்இசட்ஒய்கியூ (வழக்குப் போட்டவருக்கு வைத்த மறைபெயர்) வழக்கில், எந்த நாட்டுக்கும் அனுப்ப வழியில்லாதவரைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் தந்த தீர்ப்பால் நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியே வந்தார்களே, அவர்களில் கடும் குற்றவாளிகளும் உண்டு. வழக்குப் போட்டவரே சிறார் பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர். பக்கத்து வீட்டுக்காரர் பயப்பட மாட்டாரா?

கடல்காகம்: பயப்படுவார். ஆனால் பரோல் கொடுத்து வெளியே விட்ட ஆளைத்தான் குடிவரவுச் சட்டத்தில் மறுபடி அடைத்தார்கள். அவர் நாடற்ற ரோஹிங்கியா. எந்த நாடும் ஏற்கப் போவதில்லை என்றால், அனுப்புவதற்காக அடைத்திருக்கிறோம் என்பது எப்படி நிற்கும்? 2004இல் அதே நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் 'நிற்கும்' என்றது. அதைத் திருத்த 19 வருடம்.

நெய்தல்: சரி, வரம்பு வேண்டும் என்பது வரைக்கும் வருகிறேன். எத்தனை நாள்?

ஓரத்தில்_ஒருவன்: பழைய 273இலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

கடல்காகம்: அது எனக்கு அதிகம். முப்பதிலிருந்து வருகிறேன். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நீதிபதி கையெழுத்து வேண்டும்.