சாம்பலுக்கு அடியில் கிடந்த கங்கு: வசந்த காலத் தீ அனுபவங்கள்

பனி உருகி முடிந்த பிறகு, புதுப்புல் தலைகாட்டும் முன் சில வாரங்கள் இருக்கின்றன. தீத்தடுப்புப் பணியில் தன்னார்வலராக இருக்கும் எனக்கு ஆண்டிலேயே மிகவும் கவலை தரும் நாட்கள் அவை. போன ஆண்டுப் புல் முழுவதும் காய்ந்து படிந்திருக்கும். மரங்களில் இலை இல்லாததால் வெயில் நேரே தரையில் விழும். மண் ஈரமாக இருக்கிறதே என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த ஈர மண்ணின் மேல் கிடக்கும் மெல்லிய புல், ஒரு மணி நேர வெயிலும் காற்றும் பட்டாலே பற்றிக்கொள்ளும் அளவுக்கு உலர்ந்துவிடும்.

அப்படி ஒரு நாளில் காட்டோர வீடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டுக்காரர் முந்தைய நாள் காய்ந்த கிளைகளைக் குவித்து எரித்திருந்தார். அவரைக் கவனமில்லாதவர் என்று சொல்லவே முடியாது. காற்றில்லாத நாளாகப் பார்த்திருக்கிறார், தண்ணீர்க் குழாயைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார், சுடர் அடங்கும் வரை நகரவில்லை. மறுநாள் பிற்பகலில் காற்று எழுந்தது. நாங்கள் போனபோது சரிவில் இருந்த புல்வெளி எரிந்து, தீ மரங்களின் ஓரத்தைத் தொட்டிருந்தது. உச்சி வெயிலில் புல்லின் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. சடசடவென்ற ஓசையும், கருப்பு விளிம்பு முன்னேறி வருவதும்தான் அடையாளம்.

அணைத்து முடித்த பிறகு அந்தக் குவியலை மண்வெட்டியால் கிளறினேன். மேலே வெளுத்த சாம்பல் ஆறிப்போயிருந்தது. ஒரு சாண் கீழே, தடித்த கட்டை ஒன்றின் அடிப்பக்கம் இன்னும் செக்கச் செவேலென்று கனன்றது. இப்படிப்பட்ட கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிலர் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள். அது கங்கைப் பொத்திவைத்துக் காப்பதில்தான் போய் முடியும். தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடியும் ஊற்றுங்கள். பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வெப்பம் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை. மறுநாளும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

*

மேலே எழுதியவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் தீ மூட்டாமலே தீ வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மலையேற்றத்துக்கு வந்த ஒரு குடும்பம் பாதையோரம் உயரமாக நின்ற காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தியதைப் பார்த்தேன். நீண்ட தூரம் ஓடி வந்த வண்டியின் அடியில் சைலன்சர் பகுதி எவ்வளவு கொதிக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. நான் சொன்னதும் அவர்கள் உடனே வண்டியை நகர்த்தி, சரளைக்கல் தரையில் நிறுத்தினார்கள். குனிந்து பார்த்தபோது, வண்டி நின்ற இடத்தில் கைப்பிடியளவு புல் பழுப்பேறிக் கருகி நாறியது. இன்னும் சற்று நேரம் அது அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது.

புல்வெட்டும் இயந்திரமும் அப்படித்தான். கத்தி கல்லில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறி போதும். காலையில், புல்லில் பனித்துளியின் ஈரம் இருக்கும்போதே வெட்டி முடித்துவிடுவது நல்லது.

*

எங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கிளைகளை எரித்தபோது வேலியோரம் தீ பரவியதும் அந்த வீட்டுக்காரர் தீயணைப்புத் துறையை அழைக்கத் தயங்கி, கிளையை ஒடித்துத் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். தண்டனை வருமோ என்ற பயம். சரிவில் மேல்நோக்கிப் போகும் தீ எவ்வளவு விரைவாக ஏறும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. புகையைப் பார்த்து நான்தான் அழைத்தேன். வந்தவர்கள் அவரைத் திட்டவில்லை, இன்னும் முன்னதாகவே கூப்பிட்டிருக்கலாமே என்றுதான் சொன்னார்கள். இப்போது அவர் கிளைகளைத் துண்டாக்கி மட்கவிடுகிறார். எரிப்பதற்குப் பதிலாக வேறு வழி இருக்கும் இடத்தில் எல்லோரும் அதையே செய்யலாம் என்பது என் கருத்து. எரித்தே தீர வேண்டுமென்றால், அன்றைக்குத் தடை உண்டா, பிற்பகலில் காற்று வீசுமா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.