மறு: ‘கம்யூனிட்டி ஆஃப் பிராக்டிஸ்’ – பயில்வட்டம் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரே வேலையைச் செய்கிறவர்கள், நிறுவனம் எதுவானாலும், கூடிப் பழகி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி ஆஃப் பிராக்டிஸ்’ என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். சென்ற வாரம் ஐயா எழுதியது:

> கம்யூனிட்டி ஆஃப் பிராக்டிஸ் = நடைமுறைச் சமூகம். பொருள் அப்படியே வருகிறது.

ஐயா, அகராதியை வைத்துப் பார்த்தால் வருகிறது. ஊருக்குள் கொண்டுபோனால் வரவில்லை. 20 ஆண்டுகளாகத் தொண்டு நிறுவனங்களில் களப்பணி செய்கிறேன். கிராமத்தில் ‘நீங்க எந்தச் சமூகம்?’ என்றால் சாதியைக் கேட்பதாகத்தான் அர்த்தம். பல சாதிப் பெண்கள் ஒரே பாயில் உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு அந்தச் சொல்லைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. ‘நடைமுறை’யோ விண்ணப்பம், தணிக்கை என்று அலுவலகத்தோடு ஒட்டிப்போன சொல்.

அடுத்து வந்த ‘பயிற்சிச் சமூகம்’ இன்னும் தள்ளிப் போகிறது. எங்கள் துறையில் பயிற்சி என்றால் ஒருவர் முன்னால் நின்று பேசுவார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பயணப்படி, மதியச் சாப்பாடு. நாம் பெயர் தேடுவது அதற்கு அல்லவே.

எதற்கு என்பதை ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்குப் போனேன். எங்கெங்கிருந்தோ அமைப்புகள் வந்து குவிந்திருந்தன. சினேகா தொண்டு நிறுவனம், சிஃப்ஸ் என்ற தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு ஆகியவை முன்னின்று ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்த நேரம் அது. நான் கணக்கெடுத்த குப்பத்தில் நிவாரணப் பொருள் பற்றாமல் போய்விட்டது. வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று எழுதியிருந்தேன். கணக்கு சரி என்றே நினைத்தேன். அன்று மாலை வேறோர் அமைப்பைச் சேர்ந்த அக்கா என் நோட்டை வாங்கிப் புரட்டினார். “வீடு எத்தனைன்னு கேக்காதீங்க தம்பி. அலைக்கு முன்னாடி அந்த வீட்டுல அடுப்பு எத்தனை இருந்துச்சுன்னு கேளுங்க” என்றார். மறுநாள் அப்படியே கேட்டேன். ஒரே கூரைக்குக் கீழே பெற்றோருக்கு ஓர் உலை, கல்யாணமான மகனுக்குத் தனி உலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் குடும்பம் என்பதற்குப் பொதுச் சமையல்தான் அளவுகோல் என்று பின்னால் படித்தேன். ஆனால் எனக்கு அதைக் கற்றுத் தந்தது அந்த அக்கா. அவருக்கும் எனக்கும் ஒரே நிறுவனம் இல்லை, ஒரே வேலை.

இந்தக் கருத்துக்கு 1991இல் பெயர் வைத்தவர்கள் மானிடவியலாளர் ஜீன் லேவும் கற்றல் ஆய்வாளர் எட்டியென் வெங்கரும். லேவ் லைபீரியாவில் தையல்காரர்களோடு இருந்து ஆராய்ந்தவர். அங்கே தொழில் கற்க வருகிறவர் பட்டன் தைப்பது போன்ற கடைசி வேலைகளில்தான் தொடங்குவார். துணியில் கத்தரி வைப்பது வெகுநாள் கழித்து. நம் ஊர்த் தையல்கடையில் காஜா எடுக்கிற பையனும் அப்படித்தானே? அவனுக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. கூட இருந்தே, வேலையில் ஒரு முனையைப் பிடித்தே மாஸ்டர் ஆகிறான்.

கூட இருத்தல், வேலை செய்தல், கற்றல் மூன்றும் ஒரே வேரில் கிடைக்க வேண்டும். தமிழில் அது இருக்கிறது: பயில். கற்பதும் பயிலுதல், செய்து பழகுவதும் பயிலுதல். ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ (குறள் 783) என்னும்போது மனிதரோடு பழகுவதும் பயிலுதல். தேடித் தேடி உருவாக்க வேண்டியதில்லை, வள்ளுவர் காலத்திலேயே நம் கையில் இருக்கிறது என்று கண்டபோது உண்மையாகவே மகிழ்ந்துபோனேன்.

அதோடு ‘பயில்வட்டம்’ வினைத்தொகை. பயின்ற வட்டம், பயில்கின்ற வட்டம், பயிலும் வட்டம். அனுபவசாலிக்கும் நேற்றுச் சேர்ந்த அனிமேட்டருக்கும் (ஊர்மட்டக் களப்பணியாளர்) அதே சொல்லுக்குள் இடம் இருக்கிறது.

ஏன் ‘பயில்குழு’ இல்லை? களத்தில் குழு என்றாலே மகளிர் சுய உதவிக் குழு. “சேமிப்பு எவ்வளவு, லோன் உண்டா?” என்று கேட்பார்கள். வட்டம் என்றால் வாசகர் வட்டம் நினைவுக்கு வரும். அந்த நெருக்கம் நமக்கு வேண்டும். தாலுகாவுக்கும் வட்டம்தான் என்ற சிக்கல் உண்டு. ஆகவே ‘வட்ட ஒருங்கிணைப்பாளர்’ என்று சுருக்கக் கூடாது. ‘பயில்வட்ட ஒருங்கிணைப்பாளர்’ என்று முழுதாகவே எழுத வேண்டும்.

முகம் பார்க்காமல் நடப்பதற்கும் இந்தச் சொல் பொருந்தும். ஐ.நா. அமைப்புகள் 2005இல் இந்தியாவில் தொடங்கிய சொல்யூஷன் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மன்றத்தில் அன்று களப்பணியாளர் ஒருவர் கேள்வி கேட்பார். பல மாநிலத்தவர் அனுப்பிய பதில்களைத் தொகுத்து எல்லோருக்கும் அனுப்பி வந்தார்கள். அதை ‘மின்னஞ்சல் பயில்வட்டம்’ என்றால் உடனே புரிகிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கான சுற்றறிக்கையில் இந்தச் சொல்லையே போடுகிறேன். வருகிறவர்கள் வாயில் எப்படிப் புழங்குகிறது என்று கேட்டு எழுதுகிறேன். அதற்குள் இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால், சுற்றறிக்கை அச்சுக்குப் போகுமுன் தெரிவியுங்கள்.

அன்புடன்,
நாகையில் நோட்டைத் திருத்திக்கொண்டவன்