பேங்க் ஏலத்தில் எடுத்த வீடு: ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றினால் துருப்பிடித்த கம்பி

கேள்வி:
மாடம்பாக்கத்தில் ஒரு பழைய தனி வீட்டை பேங்க் ஏலத்தில் 52 லட்சத்துக்கு எடுத்தேன். விற்பனைச் சான்றிதழ் கைக்கு வந்து 31 நாள் ஆகிறது. பார்க்கப் போன அன்று அதிகாரி பத்து நிமிஷம்தான் கதவைத் திறந்துவிட்டார். ஹாலில் பளபளவென்று ஃபால்ஸ் சீலிங். அதைப் பார்த்துத்தான் என் மனைவிக்கே வீடு பிடித்தது.

போன வாரம் ஃபேன் மாட்ட வந்தவர் ஒரு பலகையைக் கழற்றினார். மேலே கான்கிரீட் பெயர்ந்து, கம்பி செதில் செதிலாக உதிர்கிறது. மேஸ்திரி தளத்தையே இடித்துப் போடவேண்டும் என்கிறார், ஆறரை லட்சமாம். பேங்கில் கேட்டால், “உள்ளது உள்ளபடின்னுதானே சார் கையெழுத்து போட்டீங்க?” கன்ஸ்யூமர் கோர்ட் போகலாமா?

பதில் 1:
மலிவாகக் கிடைத்ததே இதனால்தான். விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னவர் பாதி சரி. நான் பேங்கில் வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், இந்த நோட்டீஸ்களை நானே டைப் செய்திருக்கிறேன்.

கன்ஸ்யூமர் கோர்ட்டை நம்பாதீர்கள். பொது ஏலத்தில் மனை எடுத்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2009-இல் சண்டிகர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, அதைத்தான் நீட்டுவார்கள். சிவில் கோர்ட்டுக்கு, பேங்குகள் அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 34-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். மிச்சம் டிஆர்டி, அதாவது கடன் மீட்புத் தீர்ப்பாயம். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மனு, கெடு 45 நாள். ஏலம் எடுத்தவரும் அங்கே போகலாம் என்று 2017-இல் தீர்ப்பே இருக்கிறது. சான்றிதழ் தேதியிலிருந்து எண்ணினால் உங்களுக்கு 14 நாள்தான்.

வாதம் எங்கே நிற்கும் என்றால், பேங்குக்கு இது முன்பே தெரியுமா என்பதில். ‘உள்ளது உள்ளபடி’ என்பது தெரியாத குறைக்குக் கேடயம். தெரிந்தே மறைத்திருந்தால் அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. வாங்குபவர் அறியவேண்டிய முக்கிய விஷயங்களை விற்பனை நோட்டீஸில் சொல்லவேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் கீழ் வரும் விதி 8(6). ஏலத்துக்கு முன் மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கியே ஆகவேண்டும், அது விதி 8(5). அந்த அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். தளம் பழுது என்று அதில் ஒரு வரி இருந்தால் உங்கள் கை ஓங்கும். இல்லையென்றால், உண்மையைச் சொல்கிறேன், கஷ்டம்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். கட்டடத்தின் நிலை என்ற இடத்தில் ‘நன்று’ என்று போட்டிருக்கிறார்கள்!

பதில் 2:
அடடா, அந்தத் தாளை பத்திரமாக வையுங்கள். வக்கீலைப் பார்க்கும்வரை தளத்தை இடிக்காதீர்கள், சாட்சியே அதுதான். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் போட்டோவுடன் அறிக்கை வாங்குங்கள். அப்புறம், அந்த ஹாலில் யாரும் படுக்கவேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
சவுக்குக் கட்டை ஆறு முட்டு கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன்.