‘அன்புரொவிஷன்ட்’ (unprovisioned) – தமிழில் எப்படிச் சொல்வீங்க?

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலக் கடற்பயணக் கதை ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துக்கிட்டிருக்கேன். ‘கப்பல் அன்புரொவிஷன்டாகப் புறப்பட்டது’ன்னு ஒரு வரி. இரண்டு நாளா அங்கேயே நிற்கிறேன்.

முதலில் ‘உணவு தீர்ந்துபோன கப்பல்’னு எழுதினேன். தப்பு. தீர்ந்துபோகணும்னா முதலில் இருந்திருக்கணுமே! இந்தச் சொல் சொல்வது, உணவு, தண்ணீர் மாதிரியான பொருள்களை ஏற்றாமலே கிளம்பியதை. ‘புரொவிஷன்’ லத்தீனில் ‘முன்கூட்டிப் பார்த்தல்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அதனால் முன்யோசனை இல்லாத வாடையும் இதில் லேசா அடிக்குது. ‘கையிருப்பு இல்லாத’னு போட்டால் அந்த வாடை போயிடுது. ‘வெறுங்கையோட’ன்னா பணம் இல்லைங்கிற மாதிரி ஆகுது. இப்போதைக்கு ‘வழிக்கு வேண்டியதை ஏற்றாமல்’னு வெச்சிருக்கேன். பொருள் சரி, ஆனா நீளம்.

கொஞ்சம் இருந்து போதாமல் இருந்தால் ‘இல்-புரொவிஷன்ட்’ (ill-provisioned) என்பார்கள், அதில் குழப்பமில்லை. கதை முழுக்க இரண்டும் மாறி மாறி வருவதுதான் தலைவலி.

இன்னொரு சந்தேகம். சிம் கார்டு போட்டதும் சில நேரம் போனில் ‘நாட் புரொவிஷன்ட்’னு வருமே, அங்கே சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, நெட்வொர்க்கில் அந்த சிம்முக்கு இணைப்பை இன்னும் ஏற்பாடு செய்யலைன்னு அர்த்தம். இரண்டுக்கும் பொருந்துற ஒரே தமிழ்ச் சொல் இருக்கா, இல்லை தனித்தனியா எழுதுறதுதான் நல்லதா? மொழிபெயர்ப்பில் இருக்கிறவங்க சொல்லுங்க.